இடது காலுக்கு மட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு மகள் பொன்னழகு எழுதுவது. நான் நலம். உன் மூச்சிரைப்பு இப்போது எப்படி இருக்கிறது? போனில் உனக்குக் காது கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சிறுசேரி கம்பெனி வாசலில் பன்னிரண்டு மணி நேரம் காவலுக்கு நிற்பதில் குதிகால் வலிக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, பயப்பட ஒன்றுமில்லை. இடது கால் ஒரு சென்டிமீட்டர் குட்டையாம். அந்த ஷூவுக்குள் வைக்க ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் துண்டு தந்தார்கள். ஒன்றில் மட்டும் வைத்தால் ஏறுமாறாக இருக்குமே என்று, பழைய செருப்பை வெட்டி வலது ஷூவிலும் வைத்துக்கொண்டேன். பதினைந்து நாளாகியும் வலி போகவில்லை. ஆஸ்பத்திரியில் ஷூ சரிசெய்து தருகிற மோசஸ் அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாமா நீ, ரெண்டுத்துலயும் வச்சிக்கினா குட்டை குட்டையாத்தானே இருக்கும்?"

வலதில் இருந்ததை எடுத்துவிட்டார். இப்போது தேவலை.

"வாரத்துக்கு ஒருவாட்டி வூட்ல யார்னா பின்னாடி நின்னு, இடுப்புல பெல்ட் ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா கீதான்னு பாக்கச் சொல்லு" என்றார். சரி அண்ணா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அறையில் கூட இருப்பவளுக்கு இரவு வேலை. நான் வரும்போது அவள் கிளம்பிவிடுவாள். கண்ணாடியில் முகம் மட்டும்தான் தெரியும்.

காலுக்கடியில் மடித்து வைத்துப் படுக்க உன் பழைய நூல் சேலை ஒன்று அனுப்பு. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

சின்ன வயதில் "நேரா நில்லுடி" என்று பின்னாலிருந்து முதுகில் தட்டுவாயே. நான் நேராகத்தான் நின்றிருக்கிறேன் அம்மா. பொங்கலுக்கு நான் ஊருக்கு வரும்போது அதே மாதிரி பின்னால் நின்று பார்த்துச் சொல். அதுவரை மட்டமாக இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறேன்.

கம்பெனி வேன் வந்துவிட்டது.

பொன்னழகு