சோறில்லாத சீனக்கடையில் பெண் பார்த்தது

12.9.2006, செவ்வாய்

இந்த முறை பெண் பார்க்கும் படலம் சீனக்கடையில். வீட்டுக்கு வந்து பலகாரம் தின்றுவிட்டுப் போன மூன்று மாப்பிள்ளைகளும் வேண்டாமென்றது நாங்கள் இருக்கிற ரொம்சோஸ் பகுதி முழுக்கத் தெரிந்துவிட்டது. அதனால் அம்மா நகரத்தின் மற்றக் கரையில், மோர்டென்ஸ்ருட்டில் ஒரு கடை பிடித்திருக்கிறா. வடசீனச் சாப்பாடாம். பிரைட் ரைஸ் கிடையாது. ஆகவே தமிழர் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அம்மாவின் மூளையே மூளை.

மாப்பிள்ளை தர்மிகன், ஸ்டாவாங்கர் நகரில் எண்ணெய்க் கம்பனி எஞ்சினியர். கொண்டுவந்தது அம்மாவின் சிநேகிதி புஷ்பராணி அன்ரி. எஞ்சினியர் என்று சொல்லும்போதே அவவுக்கு வாயூறுகிறது. எனக்கு இருபத்தொன்பது வயது. இதுவும் கை நழுவினால் இனி ஒருத்தனும் வரமாட்டான் என்கிறா அம்மா. வராட்டில் என்ன, குடி முழுகிப் போகுமோ?

16.9.2006, சனி

அப்பா வேலையைச் சாட்டித் தப்பிவிட்டார். நானும் அம்மாவும் போனோம். மாப்பிள்ளை தாயோடு வந்தார். முப்பத்துமூன்று வயது, கோட்டைக் கழற்றுவதற்கும் தாயின் முகத்தைப் பார்க்கிறார்.

தாய், சிறிதேவி அன்ரி, இருந்த உடனே கேட்டா: "சோறில்லாமல் இதென்ன சீனக்கடை?" தங்கள் ஊர் வடக்கு, அங்கே கோதுமைதான் என்று கடைக்காரி நோர்வேக்காரரின் நொர்ஸ்க் பாஷையில் பொறுமையாகச் சொன்னா. சிறிதேவி அன்ரி கைப்பைக்குள்ளிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து, ருசிகூடப் பார்க்காமல் நூடில்ஸுக்கு மேல் கொட்டினா. அவித்த இறைச்சிக் கொழுக்கட்டையைப் பிரித்து, உள்ளே கிடந்த வெங்காயத்தாளைப் பொறுக்கி எறிந்துவிட்டு மகனுக்கு வைத்தா. அவரும் சாப்பிட்டார். சீ.

மேசை நடுவில் சுழலும் தட்டு, சாப்பாடெல்லாம் அதில்தான். நற்சீரகம் போட்டு வதக்கிய ஆட்டிறைச்சி — வாசமே ஆளை இழுத்தது. நான் கரண்டியை நீட்டுகிற நேரம் பார்த்து சிறிதேவி அன்ரி தட்டை மகன் பக்கம் சுழற்றினா. திரும்ப நீட்டினேன், திரும்பச் சுழற்றினா. "தம்பிக்கு ஆட்டிறைச்சியெண்டால் உயிர்." தம்பி குனிந்த தலை நிமிரவில்லை.

அடுத்த முறை தட்டை இடக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேண்டியதைப் போட்டுச் சாப்பிட்டேன். நல்லாய் இருந்தது. அந்த மேசையில் நல்லாய் இருந்தது அது ஒன்றுதான்.

17.9.2006, ஞாயிறு

அம்மா கதைக்கவில்லை. நிம்மதி.

21.9.2006, வியாழன்

வேண்டாமாம். "பிள்ளை அடங்காது போலை கிடக்கு" என்றார்களாம். புஷ்பராணி அன்ரி போனில் சொன்னா. நானே வேண்டாமென்று சொல்ல இருந்தேன், முந்திவிட்டார்கள். பிறகேன் இப்பிடி எரியுது? தாய் பிரிச்சு வைச்சால்தான் விழுங்கத் தெரிஞ்ச ஒருத்தன் என்னை வேண்டாமெண்டு சொல்லுறதோ? ஆரடா நீ?

28.9.2006, வியாழன்

கேவலம். நான் சிறிதேவி அன்ரியிடம் மன்னிப்புக் கேட்டால் யோசிப்பார்களாம். செத்தாலும் கேட்க மாட்டேன் என்றுவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால் அம்மா போனில்.

"பிள்ளை தெரியாமல் செய்துபோட்டுது, நீங்கள் மனசிலை வைச்சிருக்காதேங்கோ." மற்றப் பக்கம் என்ன சொன்னதோ, "ஓம், ஓம், என்ரை வளர்ப்புத்தான் பிழை" என்றா.

ஏனம்மா இப்பிடிக் கூனிக் குறுகுறியள்? கேட்கவில்லை. கதவை அடித்துச் சாத்தினேன். அம்மா மேல் இவ்வளவு வெறுப்பு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

7.10.2006, சனி

"அந்தச் சீனக்கடைக்குப் போவமோ?" அம்மாதான் கேட்டா.

"இந்த முறை ஆர், கப்பல் கப்டனோ?"

"ஒருத்தருமில்லை. நானும் நீயும்தான்."

ஓரத்தில் சின்ன மேசை. அம்மா ஆட்டிறைச்சியைப் போட்டுச் சாப்பிட்டா. முடிந்ததும் கடைக்காரியைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை நொர்ஸ்கில் இன்னொன்று கொண்டுவரச் சொன்னா.

"அண்டைக்கு எனக்கும் ஒரு துண்டு வரேல்லை" என்றா, சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி. "நீ எடுத்தனி. எனக்கு எடுக்கப் பயமாக் கிடந்தது."

புதிதாய் வந்த தட்டை அம்மா பக்கம் தள்ளினேன்.

"நேற்று ஸ்டாவாங்கரிலையிருந்து போன் வந்தது. அவைக்குச் சம்மதமாம்."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்" என்றா அம்மா. "சாப்பிடு, ஆறப்போகுது."

சாப்பிட்டேன்.