பின்வாசலுக்கு வந்த பறவை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை, நீ கேட்கவில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். தன் போனில் சார்ஜ் தீர்ந்தால் உதவும் என்று என் போனையும் அப்பாவே எடுத்துக்கொண்டு போகிறார், அவர் வீட்டில் இருக்கும்போது இதைப் பேசவும் முடியாது. எல்லாம் அந்தப் பறவையால் வந்தது. பூண்டோடு அழிந்துவிட்டதாகப் புத்தகத்தில் எழுதிவிட்ட ஒன்றை ஏரிக்கரையில் யாரோ பார்த்ததாகச் சொன்னாலும் சொன்னார்கள், பஸ் ஓட்டியது போதும், இனி வீட்டோடு இருக்கிறேன் என்ற மனுஷன் விடிந்ததும் தேடும் கூட்டத்தோடு கிளம்பிவிடுகிறார். அதன் படம் ஃபிரிட்ஜ் கதவில், துரு நிறம், கழுத்தில் வெள்ளைப் பட்டை, சிவப்புக் கண். எங்கள் கல்யாணப் படம் பரணில் கிடக்கிறது. எந்தக் காலத்திலோ பதிவு செய்த அதன் குரலைப் பின்வாசலில் உட்கார்ந்து போனில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார், நான் கூப்பிட்டால் மட்டும் காது கேட்காது. நீ மட்டும் என்ன, "நல்லா இருக்கியாம்மா, அப்பாகிட்ட குடு" என்கிறாய், அப்புறம் ஒரு மணி நேரம் பறவைக் கதைதான். ஆமாம், எனக்குப் பொறாமைதான். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒன்றின் மேல் பொறாமைப்பட வேண்டியதாகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது பின்பக்கம் அந்தக் குரல் கேட்டது. போனை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று அணைக்கப் போனேன். போன் இல்லை. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் தேங்கும் இடத்தில் அது நின்றது. அதே பட்டை, அதே கண். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டது. இவர் போட்ட குரலை நம்பித் துணை தேடி அது இங்கே வந்திருக்கிறது, இவரோ அதைத் தேடி ஏரிக்குப் போயிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் வருகிறது. அப்பாவிடம் நான் மூச்சு விடவில்லை. என் வாசலுக்கு வந்தது எனக்கே இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். நேற்றுதான், தேடுவதை நிறுத்தப்போகிறார்களாம் என்று வந்து சொன்னார். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "எல்லாரும் சிரிக்கிறாங்க, எனக்கு வயசாயிடுச்சு போல" என்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இன்று காலை, கால் வலிக்கிறது, வீட்டில் இருங்கள் என்றேன். மறுபேச்சில்லாமல் இருந்துவிட்டார், அதிலேயே எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. இப்போது துவைக்கும் கல்லுக்கு எதிரே உட்கார்ந்து எனக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். அது வரும் நேரம்தான்.

இந்தக் கடிதம் கைக்கு வருமுன் அவரே போனில் சொல்லிவிடுவார். புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள், என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே. ஆனால் உனக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். அடுத்த முறை கூப்பிடும்போது முதலில் என் முழங்கால், பிறகுதான் பறவை.

இப்படிக்கு,
அதை முதலில் பார்த்த
உன் அம்மா