அலகு போடாத விடை

என்னங்க,

ஆஸ்பத்திரியில உங்க கட்டில் பக்கத்துல உட்கார்ந்து பேச எனக்கு இப்பல்லாம் தெம்பில்லை. நீங்களும் கண்ணாலதான் பதில் சொல்றீங்க. அதான் எழுதுறேன்.

மூணு வாரமா உங்க டியூஷன் பிள்ளைங்க போன்ல அனுப்புற இயற்பியல் கணக்கையெல்லாம் உங்க பேர்ல நான்தான் போட்டும் திருத்தியும் அனுப்புறேன். அடுப்புல ஒரு கண்ணு, சாய்தளத்துல ஒரு கண்ணு. பந்தை மேலே எறிஞ்சு எறிஞ்சு எனக்கே தோள் வலிக்குது.

நேத்து அந்த வாயாடிப் பொண்ணு கேட்டிருக்கா: "சார், உடம்பு சரியில்லையா? ரெண்டு தடவை அலகு போடாம விடை அனுப்பினேன். நீங்க திட்டவே இல்லையே?"

மாட்டிக்கிட்டேன். "கழுதை, இருபதுன்னா இருபது என்ன? மீட்டரா, மிளகாயா?"ன்னு உங்களை மாதிரியே எழுதினேன். "இப்பதான் சார் நிம்மதி"ன்னு உடனே பதில் போட்டா. எனக்குத்தான் அடுத்த கணக்கு கண்ணுக்குத் தெரியலை.

பேச்சு மெதுவாத்தான் திரும்பும்ங்கறார் டாக்டர். நான் அவசரப்படுத்தலை. ஆனா இந்தக் காகிதத்தோட பின்பக்கம் ஒரு கணக்கு போட்டிருக்கேன். வேணும்னேதான் விடைக்கு அலகு போடலை.

பார்த்துட்டு ஒரே ஒரு வார்த்தை திட்டுங்க.

இப்படிக்கு,
உங்க வீட்டுக் கழுதை