பஸ் ஓட்டுநரின் குதிகால்

இன்று காலை அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்ததும் மை வாசனை முகத்தில் அடித்தது. வண்ணார்பேட்டையில் நாம் வேலை பார்த்த மருத்துவமனையின் மாடி அறையும், நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷினோடு நீ மல்லுக்கட்டியதும் நினைவுக்கு வந்தன. கொலஸ்ட்ராலுக்கான சிகிச்சை நெறிமுறைகளை மறுபடி திருத்தி அச்சிட்டிருக்கிறோம். நீ இருந்திருந்தால் முதல் பிரதியிலேயே ஒரு பிழை கண்டுபிடித்திருப்பாய்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருவரும் அங்கே சேர்ந்தபோது, நாற்பது தாண்டியவர்களுக்கும் உடம்பு பெருத்தவர்களுக்கும்தான் சோதனை. கூடுதலாக இருந்தால் ஆறு மாதம் சாப்பாட்டுக் கட்டுப்பாடு, அப்புறம்தான் மாத்திரை. சாப்பாட்டுத் தாளும் எங்கோ வெளிநாட்டில் எழுதியது. பாலாடைக்கட்டியைத் தவிர்க்கச் சொல்லும் அதைப் பார்த்து, "இங்கன யாருட்டி இதைத் திங்கா?" என்று சிரிப்பாய்.

அப்போதுதான் சாத்தான்குளம் பஸ் ஓட்டுநர் வந்தார். ஒல்லியான மனிதர். பிரேக் மிதித்தால் குதிகால் வலிக்கிறது என்றார். குதிகாலுக்கு மேலே தசைநார் கட்டி கட்டியாகத் தடித்திருந்ததைத் தடவிப் பார்த்த நீ, அது கொழுப்புப் படிவாக இருக்கும் என்று சந்தேகப்பட்டாய். வீட்டில் யாராவது சின்ன வயதில் இறந்திருக்கிறார்களா என்று கேட்டாய்.

"அப்பா நாப்பதைத் தொடல. அண்ணனும் அப்பிடித்தான், நெஞ்சுவலி. எனக்கு இப்ப அந்த வயசுதான் நடக்கு டாக்டரம்மா."

ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அவ்வளவு கூடுதலாக வந்ததை நம்பாமல் ஆய்வகத்தில் மறுபடி சோதித்தார்கள். தலைமை மருத்துவரோ விதிப்படி ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். நீ குரலை உயர்த்தவில்லை.

"ஆறு மாசம் அவருக்கு இருக்கான்னு தெரியல சார். அவருக்குப் பின்னால ஒரு பஸ் நிறைய ஆளு உக்காந்திருக்கு."

அன்றே மாத்திரை எழுதச் சம்மதித்தார். விதியையும் திருத்தி எழுதிக் கொண்டுவரச் சொன்னார். வயதைப் பார்க்கும் முன் குடும்பத்தைக் கேட்க வேண்டும், நோயாளியின் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும் என்று எழுதினாய்.

ஓட்டுநரின் பள்ளிக்கூடம் போகும் மகளுக்கும் அளவு கூடுதலாக இருந்தது. பெண்பிள்ளைக்கு நோய் என்று எழுதிவைத்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று அவர் மனைவி கோபப்பட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவரும் மாத்திரைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

நீ என்னையும் கூட்டிக்கொண்டு அவர் பஸ்ஸிலேயே ஏறி அவர் வீட்டுக்குப் போனாய். வாசலில் முகம் கொடுக்காமல் நின்ற அவர் மனைவியிடம் பையச் சொன்னாய்: "உங்க மகளை நோயாளின்னு சொல்ல வரலம்மா. உங்க மாமனாருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லல. இவளுக்குச் சொல்லுதோம். நேரம் இருக்கு."

அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த வாரம் மூவரும் வந்தார்கள்.

நீ எங்களை விட்டுப் போன அன்று, கல்லிடைக்குறிச்சியில் உன் வீட்டுக்கு வந்த கூட்டத்தில் தலை நரைத்த அந்த ஓட்டுநரும் நின்றார். பக்கத்தில் மகள், ஒரு குழந்தையின் கையைப் பிடித்தபடி. என்னைக் கண்டதும் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "இவனுக்கும் டெஸ்ட் பாத்தாச்சு டாக்டர். எங்க அம்மாதான் கூட்டிட்டுப் போனா."

மருந்துகள் மாறிவிட்டன, அளவுகளும் மாறிவிட்டன. வீட்டில் யார் சின்ன வயதில் போனார்கள் என்று நான் இப்போதும் முதலில் கேட்கிறேன். "கேட்டுட்டுப் பேசாம இருட்டி. செத்தவங்கள நெனைக்க நேரம் வேணும்லா" என்பாய். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர்களாக நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்கிறேன்.