கொக்கியில் தொங்கும் பை

கோவளம்
4.6.2007

அன்புள்ள அண்ணிக்கு,

மஹாலட்சுமி எழுதுவது. நானும் அவரும் சுகம். நீங்களும் சுகம் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்காரம்மா போனில் கூப்பிட்டால், "நல்லாக்கீறேன், வெச்சிடறேன்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது அல்லவா, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஆறாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் நம் குப்பத்து வழக்கம். அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். குணா அண்ணனையும் குட்டி முகிலனையும் சுனாமி அலை கொண்டுபோன பிறகு, எனக்குத் தாய்வீடு என்று சொல்ல நீங்கள் ஒருவர்தான் மிச்சம். வளைகாப்பு முடிந்ததும் சிட்லபாக்கம் வந்துவிடுகிறேன். "அவளே தனியா கீறா, அவகிட்ட போய் இன்னாத்துக்கு?" என்கிறார் மாமியார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு வேண்டும். நீங்கள் வைப்பதுபோல் இங்கே ஒருத்திக்கும் வரவில்லை.

உங்கள் செல்ல நாத்தனார்,
மஹா


சிட்லபாக்கம்
15.6.2007

மஹாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம்.

இங்கே வேண்டாம். மாடி அறை, படி செங்குத்து. தண்ணீரைக் கீழேயிருந்து தூக்க வேண்டும். காலையில் காட்டாங்குளத்தூர் காலேஜ் கேன்டீனுக்கு ரயிலேறினால் பொழுது சாய்ந்துதான் வருவேன். என்னிடம் இருப்பது ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். உன் மாமியார் நல்லவர். அங்கேயே பிரசவம் பார்த்துக்கொள். இரும்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு.

நான் மீன் சமைத்து வெகுநாள் ஆகிறது.

துர்கா


கோவளம்
23.7.2007

அன்புள்ள அண்ணிக்கு,

வளைகாப்பு நன்றாக நடந்தது. நீங்கள் வரவில்லை. அழைக்க வந்த என் வீட்டுக்காரரிடம் வளையல் மட்டும் கொடுத்தனுப்பினீர்கள். எல்லாருக்கும் முன்னால் அதைத்தான் முதலில் போட்டுக்கொண்டேன். கை நிறைந்தது, மனசு நிறையவில்லை.

அவர் திரும்பி வந்து சொன்னார்: "இன்னா மஹா, உங்க அண்ணி வூட்ல கொக்கில ஒரு பை மாட்டிக்கீது. இப்பவே கெளம்பி ஓடப் போறவங்க மாதிரி." கேட்டதும் தெரிந்துவிட்டது. நிவாரண முகாமில் நமக்குக் கொடுத்த நீலப் பைதானே? அதை இன்னும் கட்டியேதான் வைத்திருக்கிறீர்களா? கீழ்வீடு காலியாக இருந்தும் மாடிதான் வேண்டும் என்று நீங்கள் கேட்டது ஏன் என்றும் புரிந்தது.

அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் படியும் தண்ணீரும் கஷ்டமில்லை. பிள்ளையைத் தொடத்தான் பயம். எனக்கும் பயம் இருக்கிறது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன். பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு சட்டையாவது இருக்கிறது. நீங்கள் பையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்களே என்று நினைத்தால் அழுகை வருகிறது.

திதிக்கு வருகிறீர்கள், தூர நிற்கிறீர்கள், போய்விடுகிறீர்கள். அலைக்குப் பிறகு ஒருநாள்கூட என் தலையைத் தடவவில்லை. நான் அண்ணனை இழந்தவள். அண்ணியும் இல்லை என்றால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

இனி கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன். மாமியார் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

மஹா


சிட்லபாக்கம்
14.8.2007

என் கண்ணு மஹாவுக்கு,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ கடைசியில் எழுதியதுதான் என்னை உட்கார வைத்தது.

அன்று முகிலன் என் இடுப்பில் இருந்தான். இறுக்கித்தான் பிடித்திருந்தேன், மஹா. தண்ணீர் பிடுங்கிக்கொண்டது. அந்தக் கையில் உன் பிள்ளையை எப்படி வாங்குவது என்றுதான் படி, தண்ணீர், தட்டு என்று அடுக்கினேன். யாரோடும் ஒட்டாமல் இருந்தால் யாரும் போக மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. நீ மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தாய், பிசாசே.

போன வாரம் வீட்டுக்காரம்மா பச்சையம்மா மேலே வந்தார். பையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, தூளி கட்டறதுக்குப் போட்ட கொக்கி. எம் பசங்கோ எல்லாம் இதுலதான் ஆடிச்சிங்கோ. நீ பையை மாட்டிகினு கீறியே" என்றார். தூங்கப் போகுமுன் அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பதுதான் என் வழக்கம்.

நேற்று இறக்கினேன். ரேஷன் கார்டு, டார்ச், மாற்றுப் புடவை. அடியில் பச்சைச் சேலை. முகிலனுக்குத் தூளி கட்டிய சேலை, உனக்கு ஞாபகம் இருக்கும். சுவர் விழுந்தும் உத்தரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்ததே, அது. மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். பச்சையம்மா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். எனக்கே ஆச்சரியம்.

சேலையைத் துவைத்துக் காயவைத்து அந்தக் கொக்கியில் கட்டியிருக்கிறேன். உன் அண்ணன் போடுவாரே, அதே வலை முடிச்சு. அந்தச் சேலை ஆகாது என்று ஊரில் யாராவது சொல்லலாம். நீ சொன்னால் மட்டும் அவிழ்க்கிறேன். மெத்தென்று இருக்கிறது, அதுதான் எனக்கு ஆசை.

இரண்டு தட்டு வாங்கினேன். தண்ணீரைத் தூக்கித் தருவதாகப் பச்சையம்மாவின் மகன் துளசிங்கம் சொல்லியிருக்கிறார். கேன்டீனில் லீவு சொல்லிவிட்டேன். நெத்திலிக்கு மட்டும் நீ பக்கத்திலிருந்து சொல்லித்தர வேண்டும், கைப்பக்குவம் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நான் எங்கும் கிளம்ப மாட்டேன் என்று உனக்குத் தெரியும். அலை வந்த கிழமை. இந்த ஞாயிறு வருகிறேன். தாய்வீட்டிலிருந்து ஆள் வருகிறது, பெண்ணைத் தயாராக வைக்கச் சொல் உன் மாமியாரிடம்.

பிள்ளையைப் போடுமுன் தூளியில் குழவிக்கல்லைப் போட்டு ஆட்ட வேண்டும் என்பார்களே, அதையும் செய்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தேன். தாங்குகிறது.

உன் அண்ணி,
துர்கா