கழுகுமலையில் பேச்சி உங்களைத் தேடினாள்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

நலமா என்று எழுதக் கை போய்விட்டது. பழக்கதோஷம். உங்களிடம் எதைக் கேட்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை.

நாங்கள் இருக்கிறோம். நம் தெருவுக்குக் கரண்டு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு போடுகிறார்கள், அதனால் சண்முகம் ஒருநாள் விடாமல் போகிறான். வெள்ளைக் காளை உங்கள் தம்பியை இன்னும் பக்கத்தில் விடுவதில்லை, கொம்பை ஆட்டுகிறது. பருத்தி சுமார்தான். இதெல்லாம் யார் வீட்டுச் செய்தியோ போல எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். எனக்கே அப்படித்தான் இருக்கிறது. ஒரு வருஷமாக எதுவும் உள்ளே இறங்கவில்லை. அழுகையும் வரவில்லை. "கல்லு மாதிரி இருக்கா" என்று மைனி, உங்கள் அக்காதான், ஊர் பூராவும் சொல்லியாகிவிட்டது. அவர் வாயில் அபூர்வமாக ஒரு உண்மை.

போன வாரம் உங்கள் தலைத் திவசம் முடிந்தது. அடுத்த நாளே பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு கழுகுமலை ஏறினேன். இந்தக் கடிதமே அதைச் சொல்லத்தான்.

உங்களைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து மூச்சில்லாமல் கொண்டுவந்த அன்று, பேச்சியை மைனி பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார். கொட்டுச் சத்தம் கேட்டு, அப்பா எங்கே என்று அவள் கத்தியிருக்கிறாள். களத்துமேட்டில் நின்றால் மேற்கே மலைதானே தெரியும்? இந்தக் கரிசல் காட்டில் பிள்ளைக்குக் கைகாட்ட வேறென்ன இருக்கிறது? "அன்னா பாரு, அப்பா அந்த மலைக்குப் போயிருக்காவ" என்று சொல்லி அழுகையை அமர்த்திவிட்டார்.

அதோடு போயிருக்கும். மூன்று வயது தாண்டிய பிள்ளை, மறந்திருப்பாள். ஆனால் காரியம் முடிந்த அன்று பெரியவர்கள் வந்து, "சாவு விழுந்த துட்டி வீடு தாயி. ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது, பாத்துக்க" என்று எனக்கு வழக்கத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பேச்சி அப்போது என் மடியில் இருந்தாள். இரண்டையும் அவளே சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அப்பா மலையில் இருக்கிறார். ஒரு வருஷம் கழித்துப் போனால் பார்க்கலாம்.

அதன்பிறகு தினமும் எழுந்ததும் வாசலுக்குப் போய் மலையைப் பார்ப்பாள். "வருஷம் முடிஞ்சிட்டாம்மா?" என்பாள். "இன்னும் இல்லட்டி" என்பேன். அத்தோடு அடுப்படிக்குப் போய்விடுவேன். சண்முகத்துக்கு எல்லாம் தெரியும். கொள்ளி வைத்தவன் அவன்தானே. அவனும் தங்கச்சியிடம் மூச்சு விடவில்லை.

திவசத்துக்கு மறுநாள் விடிவதற்குள் பாவாடையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள் அத்தான். கூட்டிப்போகாவிட்டால் நான் பொய்க்காரி. கூட்டிப்போனாலும் பொய்க்காரிதான். மேலே வைத்து உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் எப்படி ஆரம்பித்திருப்பீர்கள்?

தூக்குவாளியில் தண்ணீர், புளிச்சோறு, இரண்டு துண்டு கருப்பட்டி. முதல் பஸ்ஸில் போய் இறங்கி, அடிவாரத்தில் முருகனைக் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம். உங்களுக்குத் தெரியாததா, வெறும் பாறை. செதுக்கின படி கொஞ்ச தூரம், பிறகு சறுக்குகிற சரிவு. சண்முகம் ஓணானைக் கண்டால் அதன் பின்னாலேயே ஓடினான். "ஏலே, ஓரத்துக்குப் போகாத, கால ஒடிச்சிப்போடுவேன்" என்று கத்திக்கொண்டே ஏறினேன். பேச்சி நாலு எட்டு வைப்பாள், உட்கார்ந்துவிடுவாள். தூக்கிக்கொள்ளக் குனிந்தால் கையைத் தட்டிவிடுவாள்.

"நானே நடப்பேன். இடுப்புல வந்தா அப்பா சிரிப்பாவ."

பாதி மலைக்குள் தண்ணீரில் முக்கால்வாசியைக் குடித்துவிட்டார்கள். கருப்பட்டிக்கு ஒரு சண்டை. பேச்சிக்கு ஒன்றுக்கு வருகிறது என்று ஒரு தடவை நின்றோம், பாதத்தில் கல் குத்தினதற்கு ஒரு தடவை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. எனக்குக் கால் சுட்டதாகக்கூட ஞாபகம் இல்லை. இழுத்துக்கொண்டு போகிற வண்டி மாதிரி போய்க்கொண்டிருந்தேன்.

அய்யனார் சன்னதிப் பக்கம் பாறை முழுக்க வரிசை வரிசையாக உட்கார்ந்த கோலத்தில் சாமிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த இடம் வந்தது. சமணர் காலத்தது என்பார்கள். பேச்சி என் கையை விட்டுவிட்டாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"இவிய எல்லாரும் மலைக்கு வந்தவியளாம்மா?"

"ம்."

"ஒருத்தரும் வீட்டுக்குத் திரும்பிப் போகலியா?"

அதற்குள் அவள் தேடத் தொடங்கிவிட்டாள். மேல்வரிசை எட்டவில்லை. அண்ணனைத் தூக்கச் சொன்னாள். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான், கொஞ்ச நேரம்தான் முடிந்தது. இறங்கிக்கொண்டு, "இதுல அப்பா இல்ல. உச்சியில இருப்பாவ" என்று முன்னால் நடந்தாள். இங்கேயே சொல்லிவிடு என்று எனக்குள் ஒன்று சொன்னது. தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டேன். சண்முகம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உச்சியில் பிள்ளையார் கோயில். எங்களைத் தவிர யாரும் இல்லை, காற்றுதான் சேலையைப் பிய்த்தது. கீழே நாலாபுறமும் கரிசல், அங்கங்கே புள்ளிபோல வண்டிகள். பேச்சி கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுபடியும் சுற்றினாள். அப்புறம் என் முன்னால் வந்து நின்று, ஒன்றும் கேட்காமல் நிமிர்ந்து பார்த்தாள்.

அத்தான், நான் பேச வேண்டிய இடம் அதுதான். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் ஏறி வந்தேன். மரம் மாதிரி நின்றேன்.

சண்முகம்தான் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தான்.

"ஏட்டி பேச்சி, அப்பா இங்கன இல்ல. அப்பா செத்துப்போயிட்டாவ. நம்ம ஊர் சுடுகாட்டுல வச்சு எரிச்சாச்சு. நாந்தான் தீ வச்சேன்."

அவள் அழவில்லை.

"சுட்டுச்சா?"

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"இல்லட்டி. செத்தவங்களுக்குச் சுடாது."

"ஒனக்கு?"

அவன் காலால் ஒரு சின்னக் கல்லைத் தள்ளிவிட்டு, அது பாறையில் உருண்டு போவதைப் பார்த்தான்.

"எனக்குச் சுட்டுச்சு" என்றான். "திரும்பி நின்னுக்கிட்டு வைக்கச் சொன்னாவ. எங்க வைக்கேன்னு தெரியல. சித்தப்பா கையப் பிடிச்சு வச்சுட்டு, திரும்பிப் பாக்காம போன்னாவ. நான் பாத்துட்டேன்."

கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நம் வழக்கம். பார்த்துவிட்டதை இத்தனை நாளாக ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். பார்த்ததற்காக வீட்டில் இன்னும் ஏதாவது நடந்துவிடுமோ என்று பயமாம். "அம்மாவுக்கும் ஏதாச்சும் ஆயிருமோன்னு நெனச்சேன்" என்று தங்கச்சியிடம்தான் சொல்கிறான், என்னிடம் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை அத்தான். நான் கல்லாக உட்கார்ந்திருந்த வீட்டில் அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

அவன் கையை வாங்கிப் பார்த்தேன். ஒரு தழும்பும் இல்லை. "நீ பாத்ததால ஒண்ணும் ஆவாதுலே" என்றேன். அது மட்டும்தான் வந்தது.

அதற்குப் பிறகு பேச்சி அழுதாள். உங்களுக்காகவா, கால் வலிக்கா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இறங்கும்போது இடுப்பில் ஏற மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு பாறையில் பார்த்துப் பார்த்து இறங்கினேன். சண்முகம் என் முந்தானையைப் பிடித்தபடி பின்னால் வந்தான். ஓணானை விரட்டிக்கொண்டு அவன் ஓடவில்லை. ஓடினால் தேவலை என்று இருந்தது.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர், "பாப்பா யாரு மக?" என்று கேட்டார். "சுப்பையா மக" என்றாள் பேச்சி. நான் வாயால் சொல்லாத உங்கள் பேரை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள். "எங்கப்பா செத்துப்போயிட்டாவ. மலையில இல்ல" என்று அவளே சேர்த்துச் சொன்னாள். பெரியவர் உச்சுக் கொட்டினார். அவள் சன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

இப்போது காலையில் எழுந்ததும் அவள் வாசலுக்கு ஓடுவதில்லை. கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. செத்தவர்களுக்குப் பசிக்குமா என்கிறாள், மழையில் நனைவார்களா என்கிறாள். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்கிறேன். பேச்சியைப் பற்றி நீங்கள் கவலைப்படாதீர்கள். அவள் கேட்டுக் கேட்டே தேறிவிடுவாள்.

சண்முகம் எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. அன்று வீடு வந்ததும் காளைக்குத் தண்ணீர் காட்டினான், முகம் கழுவினான், தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்தான், ஒன்றுமே நடக்காத மாதிரி. பார்த்தால் அப்படியே நான்தான். பயந்துபோனேன். இந்த ஒரு வருஷத்தில் எனக்குள் அசைந்த முதல் சங்கதி அது.

அவனை என்னைப் போல ஆகவிட மாட்டேன் அத்தான். திரும்பிப் பார்த்தபோது என்ன தெரிந்தது என்று அவனிடம் கேட்பேன். அவன் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாமல் பக்கத்தில் இருப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்,
சண்முகத்துக்கும் பேச்சிக்கும் அம்மா