மீதி ஒன்று வந்த எண்

ஜூன் 3
எங்கள் டியூஷன் சென்டர் முகப்பில் நான் கண்டுபிடித்த எண் ஏறிவிட்டது: 5,60,52,361. அடியில் ‘பகா எண்’ என்று. “போன் நம்பரா சார்?” என்று கேட்டான் பெயிண்டர். ஞானசூன்யம்! இந்த எண்ணில் ஒன்றைக் குறைத்து, அதை இரண்டுக்கு அடுக்காகப் போட்டு, வந்ததை இதே எண்ணால் வகுத்தால் மீதி ஒன்று. மூன்று, ஐந்து, ஏழுக்கும் அப்படியே. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டேன். இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஜூன் 4
சாப்பிடும்போது மனைவி கேட்கிறாள்: “ஏங்க, மீதி ஒண்ணு வந்தா போதுமா? நேரா வகுத்துப் பாத்தீங்களா?” சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பவளுக்கு வந்த வாயைப் பார்! அவளும் கணிதப் பட்டதாரியாம். பெரிய வகுப்பைத் தா என்று மூன்று வருஷமாக நச்சரிப்பு வேறு.

“எதாலயாவது மீதியில்லாம வகுத்துக் காட்டு, பெரிய வகுப்பை நீயே எடுத்துக்க” என்றேன். பக்கத்தில் அவள் தம்பி. “அத்தான், நான் சாட்சி!” என்று குதிக்கிறான். அக்காவுக்கேற்ற தம்பி.

ஜூன் 9
காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் வகுத்தல். 71 வரை வந்தாளாம். இன்னும் தொள்ளாயிரத்துச் சொச்சம் பகா எண்கள் பாக்கி. கை வலிக்கட்டும்.

ஜூன் 12
சோறு அடிப்பிடித்துவிட்டது. கணித மேதை!

ஜூன் 16
அவள் கடைக்குப் போயிருந்தாள். சும்மா தாளைப் புரட்டினேன். 199, மீதி இருக்கிறது. அடுத்து 211 — ஈவு 2,65,651. மீதி பூஜ்யம்.

தப்பாகப் போட்டிருப்பாள் என்று நானே போட்டேன். மூன்று தடவை. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். எப்படி? சோதனையெல்லாம் தேறிச்சே! பெருக்கியும் பார்த்தாச்சு — சனியன், அதே எண்தான் வருது.

தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். ஆமாம், போட்டேன்.

ஜூன் 17
“தாளைப் பாத்தீங்களா?”

“எனக்கென்ன தெரியும்?”

காலண்டரிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்தாள். “பரவால்லைங்க. தாள்தானே போச்சு. திரும்ப வகுக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா?”

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 18
சுவரை அழிக்கப் பெயிண்டரைக் கூப்பிட்டேன். நாளைக்குத்தான் வருவானாம். அதற்குள் சாயங்காலம் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த பெரிய வகுப்புக்குள் அவள் வந்து, “வாசல்ல இருக்கிற எண்ணை 211-ஆல வகுங்க பாக்கலாம்” என்றாள். இருபத்திரண்டு தலைகள் குனிந்தன. பிறகு ஒவ்வொன்றாக நிமிர்ந்து என்னைப் பார்த்தன. வெட்கமாக இருந்தது. எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 2
இப்போது நான் இந்தப் பக்க அறையில், வாய்ப்பாட்டுக் கூட்டத்தோடு. அவள் குரல் தடுப்புச் சுவரைத் தாண்டிக் கேட்கிறது: “பகா எண்ணா இருந்தா மீதி ஒண்ணு வந்தே ஆகணும். ஆனா மீதி ஒண்ணு வந்துட்டாலே பகா எண்ணுன்னு முடிவு கட்டிடக் கூடாது. அப்படி ஏமாத்துற எண்களும் இருக்கு. ஏன்னு பாப்போம்.”

பிள்ளைகளை வாயை மூடச் சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துச் சுவரோரம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.